நூறு பேர் கூடும் வீட்டுத் திருமணம்: பந்தல் முதல் பந்தி வரை அலங்கரிக்கும் முறை

ஆயிரம் பேர் வரும் கல்யாண மண்டபத்தில் மணவறையைப் பெரும்பாலானவர்கள் அறுபது அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்தத் தொலைவில் தெர்மாகோல் தூண் கல்தூணாகத் தெரியும். பிளாஸ்டிக் ரோஜாவும் ரோஜாதான். வீட்டு முற்றத்திலோ தோப்பிலோ எண்பது, நூறு பேரோடு நடக்கும் திருமணத்தில் கடைசி வரிசையே இருபது அடிக்குள் வந்துவிடும். முதல் வரிசைக்காரர் கை நீட்டினால் தோரணத்தைத் தொடலாம். குழந்தைகள் தொட்டே தீருவார்கள். சிறிய திருமணத்தின் அலங்காரத்தைத் தீர்மானிப்பது இந்தத் தூரம்தான். கிட்டே வந்து பார்த்தாலும் முகர்ந்தாலும் தொட்டாலும் ஏமாற்றாத பொருள்களாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை நம் ஊரில் மலிவாகவே கிடைக்கின்றன என்பது நமக்கு வாய்த்த வசதி.

தமிழ்நாட்டில் வீட்டின் முன்வாசல், மொட்டை மாடி, தோப்பு, பழைய முற்றத்து வீடு போன்ற இடங்களில் காலை முகூர்த்தமாக நடக்கும் திருமணத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மாலை வரவேற்புக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: முகூர்த்த நேரத்தில் இடத்தைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு இடத்தைப் பார்த்துவிட்டு, காலை ஆறரை மணி முகூர்த்தத்துக்குத் திட்டம் போடக் கூடாது. முகூர்த்தம் எத்தனை மணிக்கோ அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், முடியும் நேரம் வரை அங்கேயே இருங்கள். மணமக்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி அமர்வார்கள். திறந்த வெளியில் ஏழு மணி வெயில் தாழ்வாக வந்து நேரே முகத்தில் அடிக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டே தாலி கட்டும் படம்தான் பிறகு ஆல்பத்தில் இருக்கும். விருந்தினர் தலைக்கு மேலே, பந்தலின் கிழக்குப் பக்க விளிம்பில் ஓலைத் தட்டியோ வெள்ளைத் துணியோ எவ்வளவு இறக்கினால் வெயில் மறையும் என்பதை அன்றைக்கே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தோப்பு என்றால் அண்ணாந்து பாருங்கள். தென்னந்தோப்பில் திருமணத்துக்கு இரண்டு, மூன்று நாள் முன்பு ஆள் ஏற்றித் தேங்காயைப் பறித்து, காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். இது அலங்காரத்தில் சேராத வேலை என்று நினைக்காதீர்கள். இதைச் செய்யாத தோப்பில் ஒருவரையும் உட்காரவைக்கக் கூடாது. மாமரம் என்றால் முசுறு (கடிக்கும் சிவப்பு எறும்பு) இருக்கிறதா என்று இலைகளைப் பாருங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து போன்ற கூடு தென்பட்டால், அந்தக் கிளையில் விளக்குக் கட்ட ஏறுபவரும் படுவார், கீழே பட்டுப்புடவையோடு உட்காருபவரும் படுவார். மணவறையை அந்த மரத்தை விட்டுத் தள்ளிப் போடுவதே நல்லது.

பிறகு டேப் எடுத்து அளவுகள்: வாசலின் அகலம், முற்றத்தின் நீள அகலம், தாழ்வாரத் தூண்களின் இடைவெளி, மின்சாரப் பிளக் இருக்கும் இடங்கள், தண்ணீர்க் குழாய். ஒரு தாளில் கையாலேயே வரைந்துகொள்ளுங்கள். பந்தல்காரர், பூக்காரர், மின்சாரக்காரர், சமையல்காரர் நால்வருக்கும் அந்த ஒரே படத்தின் நகலைக் கொடுத்துவிட்டால் பாதித் தகராறு வராது.

இரண்டாம் படி: சடங்கு என்ன கேட்கிறது?

வண்ணமும் பூவும் பேசுவதற்கு முன்பு புரோகிதரோடும் வீட்டுப் பெரியவர்களோடும் உட்கார வேண்டும். ஓமம் உண்டா, அரசாணிக்கால் (அரசங்கிளை கட்டி நடும் கால்) உண்டா, முளைப்பாலிகை (தானியம் முளைக்கவிட்ட சட்டி) எத்தனை, ஊஞ்சல் உண்டா, மணமக்கள் வலம் வர எவ்வளவு இடம் வேண்டும், இருபுறத்துப் பெற்றோரும் உடன் அமர்வார்களா? ஒவ்வொரு சாதிக்கும் ஊருக்கும் குடும்பத்துக்கும் இது மாறும். ஓமகுண்டம், மணமக்கள், புரோகிதர், பெற்றோர், சீர்த்தட்டுகள் எல்லாம் சேர்ந்தால் 10 அடிக்கு 10 அடி என்பது நெருக்கடி. வலம் வருவதும் மேடையிலேயே என்றால் 12 அடிக்கு 12 அடி ஒதுக்குங்கள்.

சுயமரியாதைத் திருமணமாக இருந்தால் தீயும் புகையும் இல்லை. மாலை மாற்றவும் சொற்பொழிவுக்கும்தான் இடம் வேண்டும். அப்போது மேடையைச் சதுரமாகப் போடாமல், அகலமாகவும் ஆழம் குறைவாகவும் போட்டு, வந்தவர்கள் மூன்று பக்கமும் சூழ்ந்து அமரும்படி செய்யலாம். நூறு பேர் கூடும் திருமணத்துக்கு இதைவிட அழகான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

பந்தக்கால் நடும் வழக்கம் உள்ள வீடுகளில் அந்தக் கால் ஈசானிய (வடகிழக்கு) மூலையில் திருமணத்துக்குச் சில நாள் முன்பே வந்துவிடும். பந்தலை அதற்குப் பிறகு போடுபவர்கள், அது வழியை மறிக்கிறது என்று நகர்த்தச் சொல்ல முடியாது. எங்கே நடப்போகிறார்கள் என்று முன்பே கேட்டு உங்கள் படத்தில் குறித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பந்தலும் மணவறையும்

சவுக்குக் கட்டையும் மூங்கிலும் தென்னங்கீற்றும் கொண்ட பந்தல் இன்றும் வெயிலுக்குச் சிறந்தது. கீற்றின் இடுக்கில் இறங்கும் புள்ளி வெளிச்சம் அழகு, அடியில் குளிர்ச்சி. ஷாமியானாதான் கிடைக்கிறது என்றால், தயவுசெய்து சிவப்பும் நீலமும் வேண்டாம். பகல் வெளிச்சம் அந்தத் துணி வழியாக இறங்கும்போது மணப்பெண் முகத்திலிருந்து சாம்பார் வரை எல்லாவற்றின் மீதும் அந்தச் சாயமே படியும். எந்தப் புகைப்படக்காரராலும் அதை முழுவதும் சரிசெய்ய முடியாது. வெள்ளை, அல்லது சலவை செய்யாத பருத்தித் துணியின் நிறம் கேட்டு வாங்குங்கள்.

ஓமம் இருக்கும் இடத்தில் பந்தல் குறைந்தது 12 அடி உயரம் இருக்கட்டும். ஒரு பக்கமாவது மேலே திறந்திருந்தால்தான் புகை வெளியேறும். குண்டத்தைச் சுற்றி நான்கு அடிக்குள் துணியோ காய்ந்த ஓலையோ தொங்கக் கூடாது. தண்ணீர் வாளி ஒன்று, மணல் வாளி ஒன்று மணவறைக்குப் பின்னால் இருக்க வேண்டும். வாளியின் வெளிப்புறம் காவி அடித்துக் கோலம் இட்டுவிட்டால் அதையும் மறைக்க வேண்டியதில்லை.

மேடையின் உயரம் பலரும் யோசிக்காமல் விடும் விஷயம். மண்டபத்தில் மூன்றடி மேடை தேவை. இங்கே ஜமக்காளத்தில் தரையில் அமர்ந்திருப்பவர்களுக்கு மூன்றடி மேடை என்றால் கழுத்து வலிதான் மிச்சம். அரை அடி போதும். நாற்காலி என்றால் ஓரடி. முன்வரிசையில் பெரியவர்களுக்குப் பத்து நாற்காலி போடப்போவதாக இருந்தால் அவற்றை நடுவில் போடாமல் இரு ஓரங்களிலும் போடுங்கள். புகைப்படக்காரரும் வீடியோக்காரரும் நிற்க மேடையின் இரு மூலைகளையும் படத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் தாலி கட்டும் நேரத்தில் நூறு பேரும் அவர்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

தரைக்கு, கிடைத்தால் பவானி ஜமக்காளம். பட்டை பட்டையாக ஓடும் அதன் அழுத்தமான வண்ணங்களே பாதி அலங்காரம். மணமக்கள் அமர பத்தமடைப் பாய் ஒன்று வாங்கினால் திருமணத்துக்குப் பிறகும் வீட்டில் இருக்கும்.

நான்காம் படி: வண்ணம் புடவையிலிருந்து தொடங்கட்டும்

கைபேசியில் சேர்த்துவைத்த படங்களைக் காட்டி வண்ணம் முடிவுசெய்யும் பழக்கம் வந்துவிட்டது. முகூர்த்தப் புடவையை எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துவைத்துத் தொடங்குங்கள். அரக்குப் புடவைக்குப் பின்னால் சிவப்பு ரோஜாத் திரை வைத்தால் மணப்பெண் அதில் கரைந்துபோவாள். அரக்கு, குங்குமச் சிவப்பு, மஞ்சள் மூன்றுக்கும் பச்சைப் பின்னணியே எடுப்பாக இருக்கும். இலைகள் பூவைவிடப் பல மடங்கு மலிவு என்பது கூடுதல் லாபம். வெளிர் நிறப் புடவை என்றால் பின்னணி அடர்ந்த பச்சையாகவோ, காவிச் சுவராகவோ இருக்கட்டும்.

பழைய வீட்டின் சுவர் ஏற்கெனவே ஒரு வண்ணம் வைத்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் அதன் மேல் சிவப்புக் கம்பளம் விரிப்பது பாவம். இடத்திடம் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, இல்லாததை மட்டும் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், கண்ணுக்கும் இதமாக இருக்கும்.

ஐந்தாம் படி: பூவும் ஓலையும்

கையும் காசும் அதிகம் செலவாகும் இடம் இது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கணக்கு. மணவறைக்குப் பின்னால் தொங்கும் 10 அடி அகலம், 8 அடி உயரத் திரையில் அரை அடிக்கு ஒரு சரமாகத் தொங்கவிட 21 சரம் வேண்டும். 21-ஐ 8-ஆல் பெருக்கினால் 168 அடி. முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் 112 முழம். ‘திரை முழுக்கப் பூ’ என்று பூக்காரரிடம் வாயால் சொல்லாமல் இப்படி முழக்கணக்கில் சொல்லுங்கள். விலையும் தெளிவாகும், ஏமாற்றமும் இராது. அதே திரையை ஓலைப்பின்னலால் நிறைத்து ஏழே சரம் பூ விட்டால் 56 அடி, 37 முழத்துக்குச் சற்று மேல். கிட்டே நின்று பார்ப்பவருக்கு இரண்டாவதுதான் அழகாக இருக்கும். ஏனென்றால் ஒவ்வொரு சரமும் தனித்தனியாகக் கண்ணில் படும்.

எந்தப் பூ என்பது மாதத்தைப் பொறுத்தது. மல்லிகை கோடையில் கொட்டும்; பனிக்காலத்தில் விளைச்சல் குறைந்து, தை முகூர்த்தங்களில் விலை எட்ட முடியாத இடத்துக்குப் போகும். பனிக்காலத்தில் செவ்வந்தி தாராளம். சம்பங்கி ஆண்டு முழுவதும் கிடைக்கும். தோவாளை, மதுரை மாட்டுத்தாவணி, நிலக்கோட்டை, சத்தியமங்கலம், சென்னைக் கோயம்பேடு எதுவாக இருந்தாலும், பூச்சந்தைக்கு விடிவதற்குள் போய்விட வேண்டும்.

மல்லிகையின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். விடியலில் பறிக்கும் மொட்டு அன்று மாலை விரியும். இரவு முழுவதும் மணக்கும். மறுநாள் காலை ஓரம் பழுப்பேறத் தொடங்கிவிடும். முந்தைய நாள் பகலில் திரையில் கட்டித் தொங்கவிட்ட மல்லிகை, காலை முகூர்த்தத்துக்கு வாடித்தான் நிற்கும். ஆகவே காலைத் திருமணத்தில் திரைக்கும் தூணுக்கும் சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை, செண்டுமல்லி. மல்லிகை தலையில் சூடவும் மாலைக்கும் மட்டும். அதையும் மொட்டாகவே தொடுத்து, ஈரத்துணியில் சுற்றி வாழையிலையில் பொதிந்து, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து காலையில் எடுங்கள். மாலை வரவேற்பென்றால் நேர்மாறு: மாலை நான்கு மணிக்கு மொட்டுச் சரங்களைத் தொங்கவிடுங்கள். விருந்தினர் வந்து அமர்ந்த பிறகு அவர்கள் கண்ணெதிரே விரியும்.

அரளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைப்பதால் சரம் சரமாகக் கட்டுவார்கள். அந்தச் செடி முழுவதும் நஞ்சு. கைக்கெட்டும் உயரத்திலும், குழந்தைகள் விளையாடும் இடத்திலும், பந்தி நடக்கும் பகுதியிலும் அரளியே வேண்டாம் என்று பூக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஓசூர்ப் பக்கமிருந்து வரும் கார்னேஷன் போன்ற பூக்களைப் பழுக்கும் வாழைத்தாருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு அவற்றைச் சீக்கிரம் வாடச்செய்யும். பூ வந்து இறங்கும் அறையும் பழமும் காய்கறியும் இறங்கும் அறையும் வேறுவேறாக இருக்கட்டும்.

ஓலை வேலையைப் பூ வேலையைவிட உயர்வாகவே நினைக்கிறேன். தென்னங்குருத்தைப் பிளந்து கிளி, குருவி, பூப்பந்து, பாய்ப்பின்னல் என்று பின்னித் தரும் கைகள் இன்னும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுபவரைக் கேட்டால் வழி கிடைக்கும். முந்தைய நாள் மதியம் பின்னத் தொடங்கி, முடிந்ததை ஈரச்சாக்கில் மூடிவைத்தால் மறுநாள் வரை அந்த வெளிர்மஞ்சள் நிறம் மாறாது. பின்னும் வேலையை வீட்டிலேயே, தாழ்வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டு பத்துக் கிளியாவது பின்னிவிடுவார்கள்.

வாசலில் வாழைமரம் கட்டும்போது இரண்டும் ஒரே உயரமாக, தாரும் பூவும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கசியும் கறை துணியில் பட்டால் போகாது. பட்டுக்கு அது எமன். வெட்டுவாயைப் பழந்துணியால் சுற்றி, நடைவழியிலிருந்து இரண்டடி தள்ளி, மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் தூணோடு இறுகக் கட்டுங்கள். மாவிலைத் தோரணத்தையும் அன்று விடியலில்தான் கட்ட வேண்டும்.

ஆறாம் படி: கோலம்

சிறிய இடத்தில் தரை நன்றாகக் கண்ணில் படும். மணவறையைச் சுற்றி ஒரு பெரிய மாக்கோலம் போட்டால் பூச்செலவில் கணிசமாக மிச்சமாகும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சிறு துணித்துண்டை அதில் நனைத்துக் கைக்குள் வைத்து மெல்ல அழுத்தினால் மோதிர விரல் வழியே மாவு சீராக இறங்கும். இழுக்கும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் வெண்மை ஏறும். இது தெரியாதவர்கள் கோடு சரியாக விழவில்லை என்று மேலேயே இன்னொரு முறை இழுத்துத் தடித்துப்போகச் செய்துவிடுவார்கள். ஓரிடத்தில் இழுத்துப் பார்த்துக் காயவிட்டுப் பதத்தை முடிவுசெய்த பிறகு தொடருங்கள். முழுவதும் காய்ந்த பின்பு ஓரத்தில் காவி.

முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குள் முடித்து, சுற்றி நாற்காலிகளால் வேலி போட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகு பந்தல்காரரோ மின்சாரக்காரரோ ஏணியோடு அங்கே வரவேண்டிய வேலை எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. மொட்டை மாடியின் சொரசொரப்பான சிமென்ட் தரைக்கு மாவு கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்.

ஏழாம் படி: விளக்கு

விடிவதற்கு முன் முகூர்த்தமென்றால் முழு வெளிச்சமும் உங்கள் பொறுப்பு. பல்பு வாங்கும்போது பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சரிகை தன் பொன்னிறத்தை இழக்கும். மஞ்சள் பூசிய முகம் வெளிறிப்போகும். பாதி டியூப் லைட், பாதி மஞ்சள் பல்பு என்று கலப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மணவறைக்கு நேர் மேலே ஒரே பெரிய விளக்கைத் தொங்கவிட்டால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். இரு பக்கமும் சற்று உயரத்திலிருந்து சாய்வாக வரட்டும். மின்னி மின்னி அணையும் சீரியல் விளக்கை நிலையாக எரியும்படி மாற்றிவிடுங்கள். மந்திரம் ஓதும்போது அது கண்ணை இழுக்கும். ஜெனரேட்டர் காற்று போகும் திசையில், சமையலுக்கும் மணவறைக்கும் எட்டாத இடத்தில். குத்துவிளக்குகளை எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், நடைவழியில் மட்டும் வேண்டாம்.

எட்டாம் படி: வாசலும் பந்தியும்

வரவேற்பு மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு இவை இருந்தாலே அழகு. மணமக்கள் பெயரைத் தெர்மாகோல் எழுத்தில் வெட்டுவதற்குப் பதிலாகப் பனையோலைத் தட்டியிலோ பள்ளிக்கூடச் சிலேட்டிலோ நல்ல கையெழுத்துக்காரர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு போன்ற ஊர்களில் முடையும் பனையோலைப் பெட்டிகளில் தாம்பூலம் கொடுத்தால் பைச் செலவும் பிளாஸ்டிக்கும் இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, உணவு மேசை விரிப்பு எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை என்பதையும் சமையல்காரரிடம் நினைவுபடுத்துங்கள்.

பந்தியில் மணக்கும் பூ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சம்பங்கி வாசத்தில் ரசத்தின் வாசம் தெரியாது. வாழையிலையின் பச்சையே அங்கே போதும். மேசை நடுவில் குடுவையும் பூவும் வைத்தால் பரிமாறுபவர் கை தடுக்கும். சுவரோரமும் தூண்களும்தான் அலங்காரத்துக்கு உரியவை. எல்லோரும் தவறாமல் போகிற, ஆனால் யாரும் அலங்கரிக்காத ஓர் இடம் உண்டு: கை கழுவும் இடம். பித்தளை அண்டா, குவளை, பக்கத்தில் வெட்டிவேர் போட்ட குடிநீர்ப் பானை, காலடியில் சேறாகாமல் மணலும் செங்கலும். அங்கே வைக்கும் அக்கறையை வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள்.

ஒன்பதாம் படி: நாள் வரிசை

இடமும் பந்தலும் மூன்று மாதம் முன்பு. பூவுக்கும் ஓலைக்கும் முன்பணம் ஒரு மாதம் முன்பு. பெரிய முகூர்த்த நாள் என்றால் இன்னும் முன்னால். பந்தல் இரண்டு நாள் முன்பு நிற்க வேண்டும். முந்தைய நாள் காலை மின்சாரம், மதியம் ஓலை, மாலை திரையும் தூணும், இரவு கோலம். அன்று விடியலில் மாவிலையும் வாழைமரமும் மாலைகளும் மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் கீற்றின் மேல் தார்ப்பாய். அதற்கு நல்ல சரிவு. தண்ணீர் ஓடக் கால்வாய். மழை வலுத்தால் எந்த அறைக்குள் மணவறை நகரும் என்பதை அளந்து வைத்திருங்கள். கழற்றி மாட்டக்கூடிய திரையாக இருந்தால் அரை மணி நேரத்தில் நகர்த்திவிடலாம்.

கடைசிப் படி: பிரிப்பது

யார், எப்போது பிரிப்பார்கள் என்று முன்பே பேசிவிடுங்கள். ஜரிகைத் தாளும் ஸ்டேப்ளர் ஊசியும் மெல்லிய கம்பியும் கலக்காமல் சணலாலும் வாழைநாராலும் கட்டியிருந்தால், தோரணமும் வாழையின் இலையும் மட்டையும் அப்படியே மாட்டுக்குப் போடலாம். கம்பி ஒரு துண்டு இருந்தாலும் கொடுக்கக் கூடாது. அரளிச் சரம் எங்கேனும் கட்டியிருந்தால் அதைத் தனியே பிரித்துக் குழியில் போட்டு மூடுங்கள். மற்றப் பூக்கள் தென்னைமரத்தடிக்கு உரம். வாழைத்தண்டை மறுவீட்டு விருந்தன்று சமையல்காரரிடம் கொடுங்கள். கீற்றைப் பந்தல்காரர் எடுத்துக்கொள்வார். பாயும் ஜமக்காளமும் நன்றாக வெயிலில் காய்ந்த பிறகே மடித்து வைக்க வேண்டும்.